அதிர்வலைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன்: கோலாலம்பூர் ஆண்களுக்கு ஒரு வழிகாட்டி

கைப்பேசியில் ஒரு தடவை ‘ஆண்மைக் குறைவு’ என்று தேடிவிட்டால் போதும். அடுத்த சில நாளைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற கிளினிக் விளம்பரமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வலி இல்லை, மருந்து இல்லை, கத்தி இல்லை, சில வாரம் வந்துபோனால் போதும் என்பார்கள். வலி இல்லை என்பதும் கத்தி இல்லை என்பதும் உண்மைதான். ‘வந்துபோனால் போதும்’ என்ற இடத்தில்தான் பலருடைய பணம் கரைகிறது.

விளம்பரம் பேசும் அதிர்வலைச் சிகிச்சை யாருக்கு உதவக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ரத்த ஓட்டம் குறைந்து, விறைப்பு லேசாகத் தளர்ந்திருப்பவர்களுக்கு ஓரளவு பலன் தரலாம். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் நீடிக்கும் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி), இடுப்பு வலிக்குக் கொஞ்ச காலம் ஆறுதல் தரலாம். விந்து முந்துதல், ஆசைக் குறைவு, ஆண் ஹார்மோன் குறைவு, ஆண்குறியின் அளவு ஆகியவற்றுக்கு இந்தச் சிகிச்சையால் ஒன்றும் ஆகாது. இந்த நான்கில் ஒன்றைக் காட்டி யாராவது அதிர்வலைத் தொகுப்பு விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

என்ன அலை, என்ன செய்கிறது

ஆங்கிலத்தில் ‘ஷாக் வேவ்’ என்று பெயரில் ‘ஷாக்’ இருப்பதால் கரண்ட் வைப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. போவது அழுத்த அலை, ஒலியின் இனம். 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடைத்தது இந்த அலைதான். கல் உடைக்க வேண்டிய சக்தி மிகப் பெரியது. ஆண்குறிக்குக் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்கு.

விறைப்புக் குறைவுக்கு இதைப் பயன்படுத்திய முதல் ஆய்வு இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து 2010-ல் வந்தது. குறைந்த சக்தி அலை திசுவை லேசாக உலுக்கும்போது ரத்தக்குழாயின் உள்சுவர் தூண்டப்பட்டு, குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடும் புதுக் குழாய்களை முளைக்கவைக்கும் வளர்ச்சிப் பொருள்களும் சுரக்கின்றன என்பது இதன் அடிப்படை. இதற்கான ஆதாரத்தில் பெரும்பகுதி விலங்குகளில் பார்த்தது. ‘புதிய ரத்தக்குழாய்கள் உருவாகும்’ என்று விளம்பரத்தில் அடித்துச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

மருத்துவச் சங்கங்களும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் இதை ஆய்வுநிலையில் உள்ள சிகிச்சை என்றே வகைப்படுத்தியது. ஐரோப்பியச் சங்கம் கொஞ்சம் இளகி, ரத்தக்குழாய் சார்ந்த லேசான குறைபாடு உள்ளவர்களுக்கும், விவரம் எல்லாம் புரிந்துகொண்டு மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று சொல்கிறது. அதுவும் வலுக்குறைந்த பரிந்துரை என்ற குறிப்போடு.

படி 1: முதலில் கிளினிக் கெசிஹாத்தான்

தனியார் கிளினிக்குக்கு வண்டியைத் திருப்புவதற்கு முன் உங்கள் வட்டாரத்து அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். மைசெஜாத்ரா செயலியில் நேரம் பதிவு செய்யலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, ரத்தப் பரிசோதனை உட்பட. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் அதிகம். கவுண்டரில் எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. ‘ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பிரச்சினை’ என்றால் போதும், மீதியை மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். ஆண் மருத்துவர் இருந்தால் நல்லது என்று தயங்காமல் கேளுங்கள்.

பார்க்க வேண்டியவை: ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு. ஆசையும் குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன். அதைக் காலை 11 மணிக்குள் எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். மாலையில் எடுத்த ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரிந்தது என்று ஊசி போட ஆரம்பிப்பது நடக்கிற தவறு. ஒரு தடவை குறைவாக வந்தால் இன்னொரு காலையில் திரும்ப எடுத்து உறுதி செய்த பிறகே சிகிச்சை.

நம்மவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது என்பதற்குக் காரணம் இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அந்தரங்கக் கோளாறு என்று மறைத்து வைத்ததுதான் பல ஆண்களுக்குச் சர்க்கரையின் முதல் அறிகுறியாக இருந்திருக்கும்.

இன்னொன்று, இதயம். ஆண்குறிக்குப் போகும் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர். குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும்போது சின்னக் குழாய்தான் முதலில் திணறும். அதனால் விறைப்புக் குறைவு இதய நோய்க்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே தலைகாட்டலாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுகுகிறது என்றால் முதலில் இதயப் பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள், முடி கொட்டுவதற்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு ஆகியவை விறைப்பைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றிக் கொடுக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

படி 2: அளவெடுத்து எழுதி வையுங்கள்

சிகிச்சைக்கு முன் எப்படி இருந்தது என்று எழுதி வைக்காதவர், சிகிச்சைக்குப் பின் பலன் கிடைத்ததா என்று சொல்லவே முடியாது. கிளினிக்குகளில் ஐந்து கேள்வித் தாள் ஒன்று தருவார்கள். மொத்தம் 25 புள்ளி. 22-ம் அதற்கு மேலும் என்றால் குறை இல்லை. 17 முதல் 21 லேசானது, 12 முதல் 16 லேசானதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில், 8 முதல் 11 நடுத்தரம், 7-ம் அதற்குக் கீழும் கடுமை. மனைவியைத் திருப்திப்படுத்தும் எண்ணத்தோடு கூட்டிப் போடாதீர்கள். ஏமாறுவது நீங்கள்தான்.

இன்னும் எளிதானது கடினத்தன்மை அளவுகோல், 1 முதல் 4 வரை. சில கிளினிக்குகளில் படமாகவே காட்டுவார்கள்: தோஃபு, உரித்த வாழைப்பழம், உரிக்காத வாழைப்பழம், வெள்ளரிக்காய். 2 என்றால் கெட்டிப்படுகிறது, உறவுக்குப் போதாது. 3 என்றால் உறவு கொள்ள முடியும், முழுக் கெட்டி இல்லை. சிரிப்பு வந்தாலும், மருத்துவரும் நீங்களும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்பதையும் இரண்டு வாரம் கவனியுங்கள். காலையில் நன்றாக இருந்து, துணையோடு இருக்கும்போது மட்டும் தளர்கிறது, அதுவும் திடீரென்று ஆரம்பித்தது என்றால் மனப்பதற்றம், தூக்கக் குறைவு, வேலை அழுத்தம் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஆலோசனைதான் மருந்து. அதிர்வலை கொடுத்துப் பலன் தெரிந்தாலும் அது அலை செய்த வேலையாக இருக்காது.

படி 3: மாத்திரையைச் சரியாக முயன்று பாருங்கள்

‘மாத்திரை வேலை செய்யவில்லை, அதனால் அதிர்வலைக்கு வந்தேன்’ என்பவர்களில் பலர் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவே இல்லை. சில்டனாஃபில் (வயாக்ராவில் இருக்கும் மருந்து) வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் 25. உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன் எடுக்க வேண்டும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டின் மேல் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு வாழை இலைச் சாப்பாடு முடித்த கையோடு மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணி நேரத்தில் பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தடாலாஃபிலுக்குச் சாப்பாட்டுத் தொல்லை குறைவு, பலன் 36 மணி நேரம் வரை நிற்கும். தினசரி 5 மில்லிகிராம் எடுக்கும் முறையும் உண்டு.

இரண்டுமே தாமாக விறைப்பை உண்டாக்காது. தூண்டல் இருந்தால்தான் வேலை. ஒரு தடவை பார்த்துவிட்டுக் கைவிடுவதும் தவறு. மருத்துவர் சொல்லும் உச்ச அளவில் ஆறு முதல் எட்டுத் தடவை முயன்ற பிறகே ‘பலன் இல்லை’ என்ற முடிவுக்கு வரலாம்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையோ வேறு நைட்ரேட் மருந்தோ வைத்திருப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை எடுத்த பின் நெஞ்சுவலி வந்து 999-க்கு அழைத்தால், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை வெட்கப்படாமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இந்த மாத்திரைகள் மலேசியாவில் மருத்துவரின் சீட்டுக்குத்தான் கிடைக்க வேண்டும். பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் ‘தெனாகா பாத்தின்’ கோப்பிப் பொட்டலம், தேன், தொங்காட் அலி உருண்டை ஆகியவற்றில் சில்டனாஃபில், தடாலாஃபில் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று நினைத்துக் குடிப்பவர் தன்னிடம் ஜிடிஎன் இருப்பதைப் பற்றி யோசிக்கவே மாட்டார், ஆபத்து அங்கேதான். பதிவான மருந்தின் பெட்டியில் எம்-ஏ-எல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். எண்ணின் கடைசி எழுத்து ‘டி’ என்றால் பாரம்பரியத் தயாரிப்பு. கலப்படம் கண்டுபிடிக்கப்பட்ட பொருளின் பதிவு ரத்தாகும் என்பதால், எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

படி 4: சிறுநீரியல் நிபுணர்

மாத்திரைக்குப் பிறகும் குறை தீரவில்லை, அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை மூன்றிலும் சிறுநீரியல் பிரிவு உண்டு. சுகாதார அமைச்சு மருத்துவமனைக்கு அரசு கிளினிக்கின் கடிதத்தோடு போகும் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கில் முதல் வருகை இலவசம், அடுத்தடுத்து 5 வெள்ளி. தனியார் கிளினிக்கின் கடிதம் என்றால் முதல் வருகைக்கு 30 வெள்ளி. பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கட்டணக் கணக்கு வேறு. காத்திருப்பு நீளலாம். அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, கீழே வருகிறது.

நிபுணர் தேவை என்று நினைத்தால் ஆண்குறி டாப்ளர் ஸ்கேன் எடுப்பார். ஊசி போட்டு விறைப்பை உண்டாக்கி ரத்தத்தின் வேகத்தை அளப்பார்கள். உச்ச வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் தமனியில் வரவு போதவில்லை. வரவு நன்றாக இருந்தும், இரு துடிப்புக்கு இடையே இதயம் ஓய்வெடுக்கும் நேர வேகம் 5-க்கு மேல் தொடர்ந்தால், வந்த ரத்தம் நிற்காமல் சிரை வழியாகக் கசிகிறது என்று பொருள். அதிர்வலைக்குப் பொருந்துவது முதல் வகை. சிரைக் கசிவுக்கும், புராஸ்டேட் புற்றுநோய் அறுவையில் நரம்பு வெட்டுப்பட்டவர்களுக்கும் அதிர்வலை நம்பத்தக்க தீர்வு அல்ல. இந்த ஒரு ஸ்கேன் பன்னிரண்டு அமர்வுகளின் செலவை மிச்சப்படுத்தக்கூடும்.

ஸ்கேன் ஊசிக்குப் பின் விறைப்பு நான்கு மணி நேரம் இறங்காமல் நின்றால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு. தாமதித்தால் திசு நிரந்தரமாகக் கெடும்.

காத்திருக்கும் காலத்தில்: வாரம் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், வியர்க்கும் அளவுக்கு நடை அல்லது ஓட்டம். ஆறு மாதம் இப்படிச் செய்தவர்களுக்கு விறைப்பு மேம்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தித்திவாங்சா ஏரியைச் சுற்ற யாரும் கட்டணம் கேட்பதில்லை. சிகரெட்டும் வேப்பும் தொடரும்வரை எந்த இயந்திரமும் உங்கள் ரத்தக்குழாயோடு மல்லுக்கட்ட முடியாது.

படி 5: இயந்திரத்தைப் பற்றிக் கேள்வி கேளுங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்தப் படியில். ‘ஷாக் வேவ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு இயந்திரங்கள் விற்பனையில் உள்ளன.

குவி அலை, அதாவது ஃபோக்கஸ்ட் வகை, மின்பொறி, மின்காந்தம், பீசோ படிகம் என்ற மூன்று வழிகளில் ஒன்றால் உண்மையான அதிர்வலையை உண்டாக்கித் தோலுக்கு உள்ளே, குறித்த ஆழத்தில் குவிக்கிறது. அழுத்தம் நானோ நொடிகளில் உச்சத்துக்கு ஏறும். பரவல் அலை, அதாவது ரேடியல் வகை, குதிகால் வலிக்கும் தோள்பட்டை வலிக்கும் பிசியோதெரபி மையங்களில் பார்ப்பது. காற்றழுத்தத்தால் ஒரு சின்ன உலோகக் குண்டு கைப்பிடியின் முனையில் போய் மோதுகிறது. அழுத்தம் பல மடங்கு குறைவு, ஏறும் வேகமும் மந்தம். சக்தி தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகச் சிதறிவிடும். விறைப்புக்கான முக்கிய ஆய்வுகள் குவி அலையில் நடந்தவை. பரவல் இயந்திரம் விலை குறைவு என்பதால் அதை வைத்துக்கொண்டு அந்த ஆய்வுகளைச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

பார்த்தே கண்டுபிடிக்கலாம். திரையில் அளவு ‘பார்’ என்று, 1, 2, 3 என வந்தால் பரவல் வகை. குவி அலையில் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று வரும். இயந்திரத் துப்பாக்கி போல ‘டக்டக்’ என்று உலோகம் அடிக்கும் சத்தம், பக்கத்தில் காற்று அமுக்கி இருந்தால் அதுவும் பரவல் வகைதான். குவி அலையின் முனையில் பெரும்பாலும் ஜெல் அல்லது தண்ணீர் நிறைந்த மெத்தையான தலைப்பகுதி இருக்கும்.

கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: இயந்திரத்தின் தயாரிப்பாளர், மாடல்; 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் அதன் பதிவெண், எந்தப் பயன்பாட்டுக்கு என்று பதிவாகியிருக்கிறது; ஓர் அமர்வுக்கு எத்தனை அதிர்வு, என்ன சக்தி, எத்தனை இடம்; மருத்துவரே கொடுக்கிறாரா, உதவியாளரா. பதிவெண்ணை மருத்துவச் சாதன ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். கைப்பிடித் தலைக்கு ஆயுள் உண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை அதிர்வுகளுக்குப் பின் மாற்றியாக வேண்டும். ‘கடைசியாக எப்போது தலை மாற்றினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் கோபப்பட மாட்டார், இயந்திரத்தில் அதிர்வுகளை எண்ணிக் காட்டும் கவுன்டரைக் காட்டுவார்.

மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். அவர் சிறுநீரியல் நிபுணரா என்பதைத் தேசிய நிபுணர் பதிவேடு சொல்லும். ‘ஆண்கள் நல மையம்’ என்ற பலகை மட்டும் தகுதி ஆகாது. கிளினிக் 1998-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ வசதிகள் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று சுவரில் மாட்டிய சான்றிதழைப் பாருங்கள். ஸ்பாவிலும் உடம்புபிடி நிலையத்திலும் செய்துகொள்ளாதீர்கள்.

பணம்: தொகுப்பாக மொத்தமும் முன்கூட்டிக் கட்டச் சொல்வது வழக்கம். முடிந்தவரை ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகக் கட்டுகிறேன் என்று பேசுங்கள். பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்பது நகைக்கடையில் சொல்லலாம், மருத்துவத்தில் ஆகாது. அதிர்வலையோடு சேர்த்து ‘பிளாஸ்மா ஊசி’, ‘ஸ்டெம் செல்’ என்று அடுக்கினால் கூடுதல் எச்சரிக்கை. அவை விறைப்புக் குறைவுக்கு இன்னும் சோதனைக் கட்டத்தில் உள்ளவை.

யார் தள்ளி நிற்க வேண்டும்

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள், ரத்தக் கசிவு நோய் உள்ளவர்கள், அந்த இடத்தில் புண், தொற்று, ஹெர்பீஸ் கொப்புளம் இருப்பவர்கள், இடுப்புப் பகுதியில் புற்றுநோய் உள்ளவர்கள், ஆண்குறியில் செயற்கைக் கருவி பொருத்தியவர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் படுக்கையில் ஏறாதீர்கள். ஆஸ்பிரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படி 6: அமர்வு நாள்

பட்டினி கிடக்க வேண்டாம். குளித்துவிட்டுப் போங்கள். ஆண்குறியின் அடியில் இருக்கும் முடியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள், சவரம் வேண்டாம், வெட்டுக்காயம் வந்தால் அன்று சிகிச்சை ரத்து. எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் கூடாது. படுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ தேவைப்படாது.

2010 ஆய்வின் நெறிமுறை இப்படி: ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் 300 அதிர்வு, ஆக 1,500. நிமிடத்துக்கு 120 அதிர்வு, சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல். வாரம் இரண்டு தடவையாக மூன்று வாரம், பிறகு மூன்று வாரம் ஓய்வு, மறுபடி மூன்று வாரம். மொத்தம் 12 அமர்வு, ஒன்பது வாரம். பின்னால் வந்த நெறிமுறைகளில் வாரம் ஒரு தடவையாக ஆறு அமர்வு, அதிர்வு எண்ணிக்கை கூடுதல் என்றெல்லாம் மாற்றங்கள் உண்டு. உங்கள் கிளினிக் எதைப் பின்பற்றுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மல்லாந்து படுக்கவைத்து, ஆண்குறியை லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். நுனிக்குச் சற்று பின்னால், நடுவில், உடலை ஒட்டிய முனையில் என்று தண்டில் மூன்று இடம். பிறகு காலை அகட்டி மடக்கச் சொல்லி, விதைப்பைக்குக் கீழே இடமும் வலமுமாக இரண்டு இடம். கடைசி இரண்டைத் தவிர்க்கிற கிளினிக்குகள் உண்டு, அது பெரிய ஓட்டை. விறைப்புத் திசுவில் ஏறக்குறைய பாதி வெளியே தெரியாமல் உள்ளே, இடுப்பெலும்போடு ஒட்டிய வேர்ப்பகுதியில் இருக்கிறது. தண்டின் கீழ்ப்புறம், விதைப்பையைப் பார்த்த பக்கமாகச் சிறுநீர்க்குழாய் ஓடுகிறது, அங்கும் மொட்டிலும் விதையிலும் அலை விழக்கூடாது.

ஜெல் தாராளமாக இருக்க வேண்டும். அதிர்வலைக்குக் காற்று எதிரி. ஜெல்லில் குமிழி இருந்தாலோ, முடி குறுக்கே நின்றாலோ, கைப்பிடி சாய்ந்து ஓர் ஓரம் தூக்கி நின்றாலோ அலை தோலைத் தாண்டாமலே திரும்பிவிடும். திரையில் 1,500 என்று காட்டும், திசுவுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கணக்காக இருக்கும். பாதியில் ஜெல் உலர்ந்தால் ‘இன்னும் கொஞ்சம் போடுங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தெரிய வேண்டியது மெல்லிய குத்தல், தட்டல். சுளீரென்று வலித்தால் சக்தி அதிகம், அல்லது இடம் தவறு. ‘வலித்தால்தான் பலன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். அமர்வு முடிந்ததும் வண்டி ஓட்டிக்கொண்டே திரும்பலாம், வேலைக்குப் போகலாம். சிலருக்கு லேசாகச் சிவக்கும், புள்ளிப் புள்ளியாக ரத்தம் கட்டும், ஓரிரு நாளில் மறையும். வீக்கம், கருநீலம், சிறுநீரில் ரத்தம் என்றால் அடுத்த அமர்வை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

படி 7: கணக்குப் பார்ப்பது

இரண்டாவது அமர்விலேயே வித்தியாசம் தெரிந்தது என்பவர்கள் உண்டு. நம்பிக்கை செய்கிற வேலை அது. பொய் இயந்திரம் வைத்துச் சோதித்த குழுக்களிலும் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. கடைசி அமர்வு முடிந்து ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் அதே கேள்வித் தாளை, பழைய விடைகளைப் பார்க்காமல் நிரப்புங்கள். பலனை அளக்க, ஆறு கேள்விகளும் மொத்தம் 30 புள்ளியும் கொண்ட தாள் இன்னும் நல்லது. அதில் தொடக்கத்தில் லேசான குறை இருந்தவருக்கு 2 புள்ளி, நடுத்தரத்துக்கு 5, கடுமைக்கு 7 கூடினால்தான் உண்மையான முன்னேற்றம் என்று கொள்வார்கள். அதற்குக் கீழே என்றால் ‘இன்னொரு தொகுப்பு எடுங்கள்’ என்பதற்குத் தலையாட்ட வேண்டாம்.

கிடைத்த பலனும் நிரந்தரம் அல்ல. முதலில் முன்னேறியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் இரண்டு ஆண்டு கழித்து ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் அது நிலைத்திருந்தது. கடுமையான குறைபாட்டோடு நீரிழிவும் சேர்ந்தவர்களிடம் நிற்கவில்லை. எச்பிஏ1சி கட்டுக்குள் வராமல் அலை கொடுப்பது ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

இடுப்பு வலிக்கு வேறு கணக்கு

ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது விதைப்பையின் பின்புறம், அடிவயிறு, ஆண்குறி நுனி ஆகிய இடங்களில் வலி, சிறுநீர் கழிக்கும்போது அசௌகரியம், விந்து வெளியேறும்போது வலி. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி இல்லை. இதுதான் நாட்பட்ட புராஸ்டேட் வலி. கிருமி இல்லாதபோதும் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறவர்கள் ஏராளம்.

இதற்கு 2009-ல் வெளியான ஆய்வொன்றில் வாரம் ஒரு தடவையாக நான்கு வாரம், ஒவ்வொன்றிலும் 3,000 அதிர்வு, சதுர மில்லிமீட்டருக்கு 0.25 மில்லிஜூல், நொடிக்கு 3 அதிர்வு கொடுத்தார்கள். இடம் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், 500 அதிர்வுக்கு ஒரு தடவை கைப்பிடி நகரும். போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்தது. விறைப்புக்கான நெறிமுறையை அப்படியே இதற்குக் கொடுக்கிற கிளினிக் வேறுபாடு தெரியாத கிளினிக். வலிக்கென்று 43 புள்ளிக் கேள்வித் தாள் தனியே இருக்கிறது. 6 புள்ளி குறைந்தால் பலன் என்று எடுத்துக்கொள்ளலாம். நீடிக்கும் காலம் குறைவு, மாதங்கள்தான். இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபியைச் சேர்த்துச் செய்வது நல்லது. இங்கே தசையை இறுக்கும் கேகல் பயிற்சி செய்து வலியைக் கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

ஆண்குறி வளைந்தால்

தழும்புத் திட்டு உருவாகி ஆண்குறி வளையும் பெய்ரோனி நோய்க்கு அதிர்வலை வளைவையும் குறைக்காது, திட்டையும் கரைக்காது. அமெரிக்க, ஐரோப்பிய நெறிகள் இரண்டும் இதில் ஒத்துப்போகின்றன. வலியை மட்டும் குறைக்கலாம், அந்த வலியும் பலருக்குக் காலப்போக்கில் தானாக அடங்கும். வளைவு நிமிரும் என்று சொல்லி விற்றால் வெளியே வந்துவிடுங்கள்.

பலன் இல்லை என்றால்

வாசல் மூடிவிடவில்லை. வெற்றிடப் பம்ப் இருக்கிறது: குழாயில் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுத்து, அடியில் ரப்பர் வளையம் மாட்டுவது. வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம், மருத்துவத் தரம் இல்லாத இணையச் சரக்கில் அழுத்தம் தாண்டினால் தோல் கன்றும். அடுத்தது உறவுக்கு முன் பக்கவாட்டில் போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசி. முதல் ஊசியும் அளவு நிர்ணயமும் கிளினிக்கில் நடக்க வேண்டும், நான்கு மணி நேர விதி இதற்கும் பொருந்தும். இவை எதுவும் உதவாதவர்களுக்கு உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவி. அதை ஒரு தடவை வைத்தால் இயற்கையான விறைப்புக்குத் திரும்ப வழி இல்லை என்பதால், நிபுணரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள், கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு.